கொல்லைப்புறத்தில் ஒரு குட்டிக் குளம்

சித்திரை பிறந்துவிட்டால் குழந்தைகள் உள்ள வீடுகளில் ஒரே பாட்டுத்தான். "அம்மா, தண்ணியில விளையாடறேம்மா!" பாத்ரூம் வாளிக்குள் உட்காருவது, தோட்டக் குழாயைத் திருப்பி ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சுவது, கடைசியில் அம்மாவிடம் முதுகில் இரண்டு வாங்குவது என்று விடுமுறை கழியும். இந்த வருஷம் எங்கள் மாத்தூரில் அந்த ஆசை ஒரு படி மேலே போய்விட்டது. எங்கள் தெருவில் ஓர் இளம் தாய். இரண்டு பிள்ளைகள், மூத்ததுக்கு ஆறு வயது, சின்னதுக்கு இரண்டு. போன வாரம் கையில் ஒரு படத்தோடு வந்தாள். வெளிநாட்டு வீடு. பச்சைப் பசேல் என்று புல்தரை, பெரிய பெரிய பாறை, பாறையிலிருந்து வழியும் அருவி, நடுவில் நீலமாகத் தண்ணீர்.

"அக்கா, கொல்லையில இருபதுக்குப் பன்னெண்டு இடம் சும்மாத்தான் கெடக்குது. அஞ்சடி தோண்டி இந்த மாதிரி ஒண்ணு கட்டிடலாம்னு அவர் சொல்றாரு. சுத்தி நாலு பாறையப் போட்டா இயற்கையா இருக்கும் இல்ல?"

"மாத்தூர்ல பாறை எங்கேம்மா இருக்கு?" என்றேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவளை உட்காரவைத்து, காபி கொடுத்து, சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். மணலி, மாத்தூர், திருவொற்றியூர் என்றில்லை. கடலை ஒட்டிய, தாழ்வான, களிமண் பூமி எதுவானாலும் இது பொருந்தும். ஒரே வரியில் சொல்வதானால்: தோண்டாதீர்கள், தரைக்கு மேலே எழுப்புங்கள். சின்னதாக எழுப்புங்கள். அதைச் சுற்றி வேலி போடுகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

ஏன் தோண்டக் கூடாது? நம் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்களேன். புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் வடபெரும்பாக்கம், மணலிப் பக்கமாக எண்ணூரை நோக்கிப் போகிறது. கொசஸ்தலை ஆறும் எண்ணூரில்தான் கடலோடு கலக்கிறது. இவற்றை ஒட்டிய பள்ளமான வட்டாரம் நம்முடையது. ஐப்பசி, கார்த்திகையில் கொல்லையில் கடப்பாரையால் ஓர் அடி குத்தினால் ஊற்று எட்டிப் பார்க்கும். அந்தச் சமயத்தில் தரைக்குள் புதைந்த காங்கிரீட் தொட்டி காலியாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? காலிக் குடம் தண்ணீரில் மிதக்கிறதல்லவா, அதே கதைதான். பத்தடிக்கு எட்டடித் தொட்டி. அதைச் சுற்றி நிலத்தடி நீர் மூன்றடி உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 கன அடி. கீழேயிருந்து மேலே தள்ளுகிற பலம் ஏறக்குறைய ஆறே முக்கால் டன்! தொட்டி மேலே கிளம்பும், அல்லது தரை வெடித்து ஊற்று உள்ளே வரும். சரி, காலி செய்யாமல் தண்ணீரோடு விட்டுவைக்கலாம் என்றால், மழைக்காலம் முழுக்க அது கொசுப் பண்ணை. இப்படியும் போக முடியாது, அப்படியும் போக முடியாது.

அப்புறம் வெள்ளம். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மணலி வட்டாரம் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாமின்போது எண்ணூர் முகத்துவாரம் பூராவும் எண்ணெய்ப் படலம் பரவி, மீன்பிடிக்கிறவர்களின் படகும் வலையும் கறுத்துப் போயின. தெருத் தண்ணீர் என்றால் சாக்கடை, எண்ணெய், செப்டிக் டாங்க் எல்லாம் கலந்ததுதான். பள்ளத்தில் கட்டிய குளத்துக்குள் அது நேரே வந்து இறங்கும். தரைக்கு மேல் இரண்டரை அடி எழுப்பிய தொட்டிக்கு அந்த ஆபத்து அவ்வளவு இல்லை.

மூன்றாவது சங்கடம் உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரைத் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் வருஷக்கணக்காக உறிஞ்சியதில், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 1960களின் கடைசியிலேயே ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கண்டு சொல்லிவிட்டார்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் துவைத்தால் சோப்பு நுரைக்காததும், பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிவதும் நமக்குத் தெரியாததா? அந்த உப்பு காங்கிரீட்டுக்குள் நுழைந்தால் கம்பி துருவேறி, பூச்சு பொரிந்து விழும். எனவே போர் தண்ணீரைக் குளத்துக்கு விடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

போர் தண்ணீர் வேண்டாமென்றால் எங்கே போவது? இங்கேதான் கையைக் கட்டிக்கொண்டு சின்னதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் சொல்கிற அளவு இது: உள்ளளவு எட்டடிக்கு ஆறடி, சுவர் உயரம் இரண்டரை அடி, தண்ணீர் ஒன்றரை அடிக்கு மேல் இல்லை. கணக்குப் போட்டால் 72 கன அடி. சுமார் 2,000 லிட்டர். கோடை மழை பெய்தால் கூரையே பாதி கொடுத்துவிடும். 600 சதுர அடி மொட்டை மாடியில் ஓர் அங்குலம் மழை பெய்தால், நனைந்தது, ஆவியானது எல்லாம் போக 1,000 லிட்டருக்குக் குறையாது. முதல் பத்து நிமிஷத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்; மாடியில் சேர்ந்த தூசியும் காக்கை எச்சமும் அதோடு போகட்டும். 2003லிருந்து மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். எனவே கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். அதில் ஒரு கிளை வைப்பது பிளம்பருக்கு அரைநாள் வேலை. தொட்டியைக் கொண்டுபோய் அந்தச் சேகரிப்புக் குழியின் மேலேயே கட்டிவிடாதீர்கள்!

மழை இல்லாவிட்டால் மெட்ரோ தண்ணீர் லாரி. அதையும் மனசாட்சியோடுதான் செய்ய வேண்டும். 2019 கோடையில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது நாம் குடத்தோடு வரிசையில் நின்றோம். அந்த மாதிரி வருஷத்தில் தொட்டி காலியாகவே கிடக்கட்டும். நல்ல வருஷத்திலும் அந்தத் தண்ணீர் குளித்ததோடு முடியக் கூடாது. எங்கே போக வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"ரெண்டாயிரம் லிட்டர்தானேக்கா? அப்ப மொட்டை மாடியிலயே வெச்சுடலாமே, கொல்லை மிச்சம்" என்றாள் அந்தப் பெண். கூடவே கூடாது. ஒன்றரை அடித் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 450 கிலோவுக்கு மேல் கனக்கும். சாதாரண வீட்டு மாடி சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கத்தான் கணக்கிட்டுக் கட்டப்படுகிறது. மூன்று மடங்கு! காற்றடித்து வைக்கிற ரப்பர் தொட்டியானாலும் இதே கணக்குத்தான். கனப்பது தண்ணீர், தொட்டி அல்ல.

இனி இடம் பார்ப்பது. சமையலறை ஜன்னலிலிருந்து தொட்டி முழுதும் கண்ணில் பட வேண்டும். இது வாஸ்துவை விட முக்கியம். செப்டிக் டாங்கிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, அதைவிட மேடாக இருக்கட்டும். கிழக்குப் பக்கத்தை மறைக்காதீர்கள்; மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று அந்த வழியாகத்தான் வரும். மேற்கே நிழல் வேண்டும். ஆனால் எந்த மரம்? தென்னை நிழல் அழகுதான், தலையில் தேங்காய் விழாதவரை. வேம்பு மாசி, பங்குனியில் இலையைக் கொட்டித் தீர்த்துவிடும். முருங்கை கூடவே கூடாது. கிளை முறியும், கம்பளிப்பூச்சி இறங்கும். கடற்கரைக்கே உரிய புன்னை வைத்தால் வருஷம் பூராவும் பச்சையாக இருக்கும், உப்புக் காற்றுக்கும் அசையாது. ஆனால் அது நிதானமாகத்தான் வளரும். அது வளர்கிறவரை மேற்கே ஒரு கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ போதும். சுற்றிலும் செம்பருத்தி வைக்கலாம். அரளி வேண்டாம். பார்க்க அழகு, பூஜைக்கு ஆகும். ஆனால் இலை, பூ, பட்டை அத்தனையும் விஷம், சின்னக் குழந்தை எதையும் வாயில் வைக்கும்.

கட்டும் முறையை மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் நாலு விஷயத்தை மட்டும் நீங்களே நின்று கவனியுங்கள். நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். ஆகவே ஒன்றரை அடி மண்ணை எடுத்துவிட்டு, மணலும் ஜல்லியும் போட்டுக் கெட்டித்து, அதன்மேல் கம்பி கட்டிய ஒரே பலகையாகத் தளம் போடச் சொல்லுங்கள். தளம் துண்டு துண்டாக இருந்தால் ஒரு மழைக்கே விரிசல் விடும். சுவர் ஒன்பது அங்குலம். உள்ளே வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். பாசி பிடித்தால் வழுக்கும். கடப்பைக்கல் நம் வீடுகளில் சகஜம், ஆனால் கறுப்பு வெயிலில் அடுப்பாகக் காயும், தவிர அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சொரசொரப்பான வெள்ளை அல்லது வெளிர்நிறப் பூச்சுத்தான் சரி. நீலமாகத் தெரிவதற்காகப் பெயின்ட் அடிப்பார்கள், எனக்குப் பிடிக்காது. அடியில் ஒரு பொத்தான் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

உள்ளே ஒரு மூலையில் அகலமான இரண்டு படி வையுங்கள். நம் கோயில் குளங்களைப் பாருங்கள், திருவொற்றியூர்க் கோயில் குளமானாலும் சரி, மயிலாப்பூரானாலும் சரி, நாலு பக்கமும் படிதான். யாரும் திடீரென்று ஆழத்தில் விழ வேண்டியதில்லை. படிப்படியாக இறங்கலாம், பிடிக்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம். வெளிப்பக்கம் மட்டும் நிரந்தரப் படி கூடாது. மரப் படிமேடை ஒன்று செய்து, குளியல் முடிந்ததும் அதை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

கட்டி முடிந்து இரண்டு வாரம் நனைத்து, பிறகு நிரப்பி, ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்திலேயே வெயிலில் வையுங்கள். இரண்டிலும் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, மறுநாள் அதே நேரம் பாருங்கள். வெயிலில் நாளைக்குக் கால் அங்குலம் போவது இயல்பு. வாளியில் இறங்கியதைவிடத் தொட்டியில் அதிகம் இறங்கியிருந்தால் ஒழுகல்தான். மேஸ்திரிக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வேலிக்கு வருவோம். இதை எழுதத்தான் பேனாவையே எடுத்தேன். உலகம் முழுதும் 2021-ல் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். தவழ்கிற, தத்தித் தத்தி நடக்கிற வயசில் தலைதான் கனம். குப்புற விழுந்தால் நிமிரத் தெரியாது. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். சினிமாவில் வருவதுபோல் கையை உயர்த்தி 'காப்பாத்துங்க' என்று கத்துகிறதெல்லாம் கிடையாது. சத்தமே இல்லாமல், நீங்கள் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் வீட்டு நீச்சல் குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர், அதாவது நாலடி உயர வேலி சட்டப்படி கட்டாயம். நாமும் அதையே வைத்துக்கொள்ளலாம். குறுக்குக் கம்பி வைத்தால் குழந்தை அதையே ஏணியாக்கிக்கொள்ளும். நெட்டுக் கம்பிதான் வேண்டும், இடைவெளியில் தலை நுழையக் கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறந்து, விட்டவுடன் தானே மூடிக்கொள்ள வேண்டும், கொக்கி உள்பக்கம் உயரத்தில். தொட்டிச் சுவரே இரண்டரை அடி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைத்தால் இரண்டு வயசுப் பிள்ளை எட்டிப் பார்த்துவிடும். வேலியோரம் ஸ்டூல், சைக்கிள், பூந்தொட்டி எதுவும் கிடக்கக் கூடாது. விளையாடி முடிந்ததும் பந்து, பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மிதக்கிற பொம்மையை எடுக்கத்தான் குழந்தை திரும்பி வரும்.

குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர், ஒரே ஒருவர், பெயர் சொல்லிப் பொறுப்பேற்றுக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். "எல்லாரும் இருக்கோமே" என்கிற வீட்டில்தான் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். கையில் போன் கூடாது. மூத்த பிள்ளையிடம் "தம்பியைப் பார்த்துக்கோ" என்று ஒப்படைப்பதும் கூடாது. ஆறு வயசும் குழந்தைதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண், "இவ்ளோ பயமுறுத்தறீங்களே, அப்ப வேணாம்னே சொல்லிடுங்கக்கா" என்றாள். நான் அவள் வீட்டு வாசலைக் காட்டினேன். அங்கே தரையோடு தரையாக சம்ப் மூடி. மெட்ரோ தண்ணீர் வரும் என்று பாதி திறந்து கிடந்தது. ஐந்தடி ஆழம், இருட்டு, பிடித்து ஏற ஒன்றுமில்லை. நீச்சல் குளம் கட்டுவதா வேண்டாமா என்று நாம் யோசிக்கிறோம். நம் எல்லார் வீட்டிலும் அதைவிட மோசமான குளம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் கனமான மூடி, பூட்டு, பூட்டின் சாவி ஆணியில். தண்ணீர் விடுகிற நேரத்தில் பக்கத்தில் ஆள். குளம் கட்டாதவர்களும் இதை மட்டுமாவது இன்றைக்கே செய்துவிடுங்கள். வெள்ளம் வந்துபோன வருஷத்தில் சம்பை இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்துக் கழுவின பிறகே புதுத் தண்ணீர்.

ஒருவேளை யாராவது முங்கிவிட்டால்? தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வேண்டாம், நேரம்தான் வீணாகும். தண்ணீர் போனது பெரிசில்லை, மூச்சு நின்றதுதான் பெரிசு. கெட்டியான தரையில் மல்லாத்திப் படுக்கவைத்து, மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இந்த முதலுதவியைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. பொம்மையை வைத்துச் சொல்லித்தரும் வகுப்புக்கு ஒருநாள் போய்வாருங்கள், வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

தண்ணீர் சுத்தத்தில் நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ரசத்துக்கு உப்புப் போடுகிற கைதானே! இருந்தாலும் இங்கே கண்ணளவு உதவாது. லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் தண்ணீரில் நிற்க வேண்டும். 2,000 லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் என்றால் 2 கிராம் குளோரின். புது பிளீச்சிங் பவுடரில் 30 சதவிகிதம்தான் குளோரின் இருக்கும். ஆக 7 கிராம் பவுடர். முதல் தடவை அதுபோல் இரண்டு பங்கு, பிறகு தினம் ஒரு பங்கு என்று ஆரம்பித்து, குளோரின் பார்க்கிற பட்டையை நனைத்து நிறம் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். அதே பட்டையில் புளிப்பு, கார அளவும் தெரியும், 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருப்பது நல்லது. பவுடரை நேரே கொட்டாதீர்கள். தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கினபின் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும், அதுவும் சாயங்காலம், குழந்தைகள் ஏறின பிறகு. வெயிலில் போட்டால் குளோரின் ஓடிவிடும். பழைய பவுடரில் வீரியம் இருக்காது. சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். பாத்ரூம் ஆசிட் பாட்டில் பக்கத்தில் அதை வைக்கவே வேண்டாம்; இரண்டும் கலந்தால் வருகிற புகை நெஞ்சை அடைத்துவிடும்.

கண் எரிகிறது, மருந்து நெடி அடிக்கிறது என்றால் குளோரின் அதிகம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து அந்த நெடியை உண்டாக்கும். இறங்குமுன் ஒரு சொம்புத் தண்ணீராவது ஊற்றி, கழிவறைக்கு அனுப்பிவிட்டு இறக்கினால் பாதி தொந்தரவு தீர்ந்தது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்த தலையோடு இறக்காதீர்கள். குளோரின் பூராவையும் எண்ணெய் தின்றுவிடும். பேதியாகிற குழந்தை இறங்கவே கூடாது, நின்ற பிறகும் பல நாள் பொறுக்க வேண்டும். குழந்தை தொட்டியிலேயே 'போய்விட்டால்' தயங்காமல் திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புவதுதான் வழி.

வடிகட்டுகிற சின்ன மோட்டார் ஒன்று வைத்து, குழந்தைகள் இல்லாத நேரத்தில் தினம் சில மணி நேரம் ஓட்டினால் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும். மோட்டார் வைத்தால் இ.எல்.சி.பி. இல்லாமல் வைக்காதீர்கள்; ஈரக்கையும் மின்சாரமும் ஆகாது. மோட்டார் இல்லாதவர்கள் அரையடி மட்டும் நிரப்பி, அன்றன்றே செடிக்கு விட்டுவிடுங்கள். 700 லிட்டர்தான் ஆகும். சின்னதுகளுக்கு அந்த அரையடியே சமுத்திரம்!

"குளோரினே வேணாம், செடியே தண்ணியைச் சுத்தம் பண்ணும்னு போட்டிருக்காங்களே?" என்றும் கேட்டாள். உண்மைதான். 1980களில் ஆஸ்திரியாவில் ஆரம்பித்து ஐரோப்பா முழுக்கப் பரவிய முறை அது. நீந்துகிற இடத்துக்கு ஈடாக இன்னொரு பகுதியில் நாணலும் அல்லியும் வளர்த்து, தண்ணீரை அதன் வழியே சுற்றவிடுவார்கள். அங்கே குளிர். நம் ஊர் வெயிலில் தேங்கிய நன்னீர் வெதுவெதுப்பாக நிற்கும். 2024 மே முதல் ஜூலைக்குள் கேரளத்தில் மூன்று குழந்தைகள் அமீபா மூளைக்காய்ச்சலுக்குப் பலியானார்கள். குளிக்கும்போது மூக்கு வழியாக ஏறி மூளைக்குப் போகிற கிருமி அது. அபூர்வம், ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. சரியான அளவு குளோரின் அதைக் கொல்லும். தேத்தாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளியவைக்குமே தவிர, கிருமிக்கு மருந்தல்ல.

அல்லிக் குளம் வேண்டுமென்றால் தனியாக வையுங்கள். கிணற்று உறை ஒன்று வாங்கி, அடியைப் பூசி, அரையளவு களிமண் போட்டு அல்லி நட்டால் கொள்ளை அழகு. வண்ணமீன் வளர்ப்புக்குப் பேர்போன கொளத்தூர் நமக்கு எட்டின தூரம்தான். நாலு ஜோடி கப்பி மீன் விட்டால் கொசுப் புழுவைத் தின்று தீர்த்துவிடும். உறையின் வாய்க்குக் கம்பி வலை போட மறக்காதீர்கள், குளோரின் தண்ணீரை அதில் ஊற்றாதீர்கள், மீன் செத்துவிடும்.

குளித்த தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறேன் என்றேனே. இரண்டு நாள் பவுடர் போடாமல் வெயிலில் விட்டால் குளோரின் போய்விடும். அப்புறம் அடிக்குழாயைத் திறந்தால் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வாழைக்கும் கல்வாழைக்கும் போய், மிச்சம் தென்னையடியில் நிற்கட்டும். வாய்க்கால் ஓரம் வெட்டிவேர் நட்டால் மண் கரையாது; வேரை எடுத்துக் குடிதண்ணீர்ப் பானையிலும் போடலாம். பாறை, அருவி எல்லாம் இல்லாமலே இடம் குளிர்ந்துவிடும், பாருங்கள்.

ஒன்றரை அடித் தண்ணீரில் நீச்சல் வராது என்பது வாஸ்தவம். நம் தாத்தா பாட்டி காலத்தில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று ஆறேழு வயதானதும், சொல்லித்தர ஆள் இருக்கிற பொதுக் குளத்துக்கு அழைத்துப் போங்கள். மெரினாவிலும் பெரியமேட்டு மைலேடி பூங்காவிலும் மாநகராட்சிக் குளங்கள் இருக்கின்றன. பெண் குழந்தைகளையும் சேர்த்து அனுப்புங்கள். கொல்லைக் குளம் தண்ணீர் பயம் போவதற்கும் வெயில் உஷ்ணம் தணிவதற்கும்தான். காலை ஒன்பதுக்குள், அல்லது நாலு மணிக்கு மேல்; அக்கினி நட்சத்திர உச்சி வெயிலில் தண்ணீரில் இருந்தாலும் தோல் கருகும்.

புரட்டாசி முடிகிறபோது கடைசியாக ஒருமுறை காலி செய்து, தேய்த்துக் காயவிடுங்கள். மேலே தார்ப்பாய் கட்டாதீர்கள். மடிப்பில் தேங்கும் மழைநீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும், முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். அடிக்குழாயின் அடைப்பானைக் கழற்றி வீட்டுக்குள் ஆணியில் மாட்டிவிட்டால், பெய்கிற மழை அப்படியே வாழையடிக்குப் போய்விடும். இலை அடைத்துக்கொள்ளாமல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். வேலிக் கதவைக் காலித் தொட்டிக்கும் பூட்டித்தான் வைக்க வேண்டும். தை பிறந்து வெயில் ஏறியதும் வெடிப்பு இருந்தால் சிமென்ட் பூசி, இரண்டு வாரம் நனைத்து, மறுபடி அந்த வாளிப் பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டு நிரப்பலாம்.